ஓவியத்தில் படவமைப்பு

படவமைப்பு என்பது உருவங்கள், கோடுகள், ஒளிநிழல், வெற்றிடம் ஆகியவற்றைத் தாளின் எல்லைக்குள் ஒழுங்குபடுத்தும் முறையாகும். ஒவ்வோர் உருவமும் திருத்தமாக இருந்தாலும், அமைப்பு தவறினால் படம் சிதறித் தோன்றும். கோபுரத்தை அடியிலிருந்து வரைந்துகொண்டே போய், கலசத்துக்குத் தாளில் இடமில்லாமல் தவிப்பது புதிதாக வரைபவர்களுக்கு அடிக்கடி நேர்வது. இது கைத்திறனின் குறையன்று, திட்டமிடாமையின் விளைவு.

எடுத்துக்காட்டுகள்

லியொனார்டோ டா வின்சி மிலான் நகரில் ஏறத்தாழ 1495–1498 காலத்தில் வரைந்த 'இறுதி இராவுணவு' ஓவியத்தில் 13 பேர் உள்ளனர். சீடர்கள் 12 பேரையும் மும்மூவராக 4 குழுக்களாக்கியதால் கூட்டம் குழப்பமாகத் தெரிவதில்லை. சுவர், கூரை ஆகியவற்றின் கோடுகள் இயேசுவின் தலையருகே குவிகின்றன. பின்னுள்ள சாளரத்தின் ஒளியும் அவரையே எடுத்துக்காட்டுகிறது.

சப்பானிய ஓவியர் ஒக்குசாய் ஏறத்தாழ 1831இல் உருவாக்கிய 'கனகாவா பேரலை' மரக்கட்டை அச்சோவியத்தில், இடப்பக்கம் அலை ஓங்கி எழுகிறது. பியூச்சி மலையோ கீழே மிகச் சிறிதாக உள்ளது. இந்த அளவு வேறுபாடே அலையின் அச்சுறுத்தலை உணர்த்துகிறது.

மூன்றிலொரு பங்கு விதி

தாளை நீளத்திலும் அகலத்திலும் 3 சம பாகங்களாகப் பிரித்தால் கோடுகள் 4 இடங்களில் வெட்டும். முதன்மை உருவத்தை அவற்றுள் ஒன்றின் அருகே வைப்பது இவ்விதி. இப்பெயரை சான் தாமசு சுமித் 1797இல் எழுதினார். இது கட்டாயமன்று, 'இறுதி இராவுணவு' ஓவியத்தில் இயேசு நடுவிலேயே இருக்கிறார்.

மேம்படுத்தும் வழிகள்

- படத்தில் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பதை முடிவு செய்க.
- தீப்பெட்டி அளவில் 4 அல்லது 5 சிறு வரைவுகள் போட்டுப் பார்த்து, சிறந்ததைப் பெரிதாக்குக. முதலில் தோன்றுவது பெரும்பாலும் பழகிய அமைப்பாகவே இருக்கும்.
- சிறு வரைவில் வெளிச்சம், இடைநிறம், கருமை என 3 நிலைகளை மட்டும் தீட்டுக. மிகுந்த வேறுபாடு முதன்மை உருவத்தருகே இருக்கட்டும்.
- உருவங்களுக்கிடையே உள்ள வெற்றிடத்தின் வடிவத்தையும் கவனிக்க. எல்லா இடைவெளிகளும் ஒரே அளவில் இருந்தால் படம் சலிப்பூட்டும்.
- ஓர் உருவத்தின் விளிம்பு மற்றொன்றை மட்டுமட்டாகத் தொடுவதைத் தவிர்க்க. ஒன்று மற்றொன்றை மறைத்தால் தொலைவு புலப்படும்.
- முடிக்குமுன் படத்தைக் கண்ணாடியில் பார்க்க. பழகிய கண்ணுக்குத் தெரியாத சாய்வு அதில் தெரியும்.