சீரங்கப்பட்டணப் பதக்கம்

தனிப்பட்ட வீரச்செயலுக்காக ஒருவனுக்கு அளிக்கப்பெறும் பதக்கம் ஒரு வகை. ஒரு படையெடுப்பில் பங்குகொண்டார் அனைவர்க்கும் நினைவாக வழங்கப்பெறுவது மற்றொரு வகை. சீரங்கப்பட்டணப் பதக்கம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. உள்ளங்கையில் அடங்கும் சிறு வட்டத் தகடே அது. எனினும் அக்காலப் படையில் எவன் எவ்வளவு மதிக்கப்பெற்றான் என்பதை நன்கு காட்டவல்லது.

1799ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படை, தளபதி ஹாரிசின் தலைமையில் வேலூர்ப் பகுதியினின்றும் மைசூரை நோக்கிப் புறப்பட்டது. அதில் ஆங்கிலேயரினும், தமிழ்நாட்டிலும் ஆந்திர நாட்டிலும் திரட்டப்பெற்ற சிப்பாய்களே மிகுதி. பம்பாய்ப் படையும் ஐதராபாத்து நிசாமின் படையும் உடன் சேர்ந்தன. காவிரி சூழ்ந்த தீவில் அமைந்திருந்த திப்பு சுல்தானின் கோட்டையை அவை ஏறத்தாழ ஒரு திங்கள் முற்றுகையிட்டன. பீரங்கிக் குண்டுகளால் வடமேற்கு மதில் பிளந்தது. மே 4ஆம் நாள் நண்பகல் கடந்ததும், பெயர்டு என்பாரின் தலைமையில் 4,000 பேருக்கு மேற்பட்டோர், பாறை நிறைந்த ஆற்றைக் கடந்து அப்பிளவில் ஏறினர். அவருள் சிப்பாய்களும் பலர். அன்றே கோட்டை வீழ்ந்தது. திப்பு சுல்தானும் போரிட்டு மடிந்தார்.

வெற்றியின் நினைவாக, பர்மிங்காமை அடுத்த சோகோ நாணயச்சாலையில் இப்பதக்கம் அடிக்கப்பெற்றது. அதன் உருவை அமைத்தவர் கூக்லர் என்னும் செருமானியர். ஒரு பக்கத்தில் சிங்கம் ஒன்று புலியை வீழ்த்தி நிற்கும். சிங்கம் ஆங்கிலேயரைக் குறிக்கும்; புலி திப்புவின் அரசுச் சின்னம். மேலே பறக்கும் கொடியில், இறைவனின் சிங்கமே வெல்லும் என்னும் பொருளுடைய அரபுத் தொடர் உள்ளது. அத்தொடர் திப்பு தம் படைக்கலங்களிற் பொறித்துக்கொண்டதேயாம்! தோற்றவரின் சொல்லையே எடுத்து அவர் தோல்விக்கு முத்திரையாக்கினர் போலும். மறுபக்கத்தில் கோட்டைத் தாக்குதலும், அது நிகழ்ந்த நேரத்தைக் காட்ட உச்சிவானில் ஞாயிறும், அடியில் பாரசீக எழுத்தும் காணப்படும்.

உருவம் எல்லாப் பதக்கங்களிலும் ஒன்றே. உலோகமோ வேறு வேறு. தளபதியர்க்குப் பொன், அவர்க்கடுத்த மேலதிகாரிகட்குப் பொன்முலாம் பூசிய வெள்ளி, ஏனைய அதிகாரிகட்கு வெள்ளி, ஹவில்தார் முதலியோர்க்கு வெண்கலம், மதிலேறிய சாதாரண வீரனுக்கு வெள்ளீயம். வெள்ளைக்கார வீரனும் வெள்ளீயமே பெற்றான் என்பதை மறைத்தலாகாது. ஆயினும் பொன்னுக்குரிய பதவி இந்தியச் சிப்பாய்க்கு என்றும் எட்டாததாகவே வைக்கப்பெற்றிருந்தது. கைப்பற்றிய செல்வத்தைப் பங்கிட்ட முறையும் இத்தகையதே. ஹாரிசின் பங்கு மட்டும் 1,40,000 பவுனுக்கு மேற்பட்டது.

பதக்கம் வீரர் கைக்கு எட்டியது 1808இல்தான். அதற்குள் காலம் பெரிதும் மாறியிருந்தது. புதுவகைத் தலைப்பாகையைப் புகுத்தியும், நெற்றிக்குறியை விலக்கியும் அதிகாரிகள் இட்ட ஆணைகளால் மனம் புண்பட்ட சென்னைப் படைச் சிப்பாய்கள், 1806ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்தனர். திப்புவின் மைந்தர்கள் காவலில் இருந்த கோட்டை அது. அன்றே கிளர்ச்சி கொடுமையாக ஒடுக்கப்பட்டது. ஈராண்டு கழித்து, புலியை வீழ்த்திய சிங்கம் பொறித்த வெள்ளீயத் தகடு அதே படையின் சிப்பாய்களுக்கு வழங்கப்பெற்றது.

சீரங்கப்பட்டணப் போரில் நிசாமின் படையோடு வந்த ஆர்தர் வெல்லெசுலி, பின்னர் வெல்லிங்டன் கோமகனாகி, 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றார். அப்போருக்கென வழங்கிய பதக்கம் தளபதிக்கும் கடைநிலை வீரனுக்கும் ஒருபடித்தாக வெள்ளியாலேயே ஆயது. ஒவ்வொன்றின் விளிம்பிலும் உரியவன் பெயர் பொறிக்கப்பெற்றது. இறந்தவர் குடும்பத்தாரும் அதைப் பெற்றனர். சீரங்கப்பட்டணப் பதக்கமோ பெயரும், அணிதற்குரிய வளையமும் இன்றியே வழங்கப்பெற்றது. அணிய விழைந்தோர் வளையத்தைத் தாமே பொருத்திக்கொண்டனர். வெள்ளீயம் மென்மையானது, எளிதில் தேயும். எஞ்சிய தகடுகளை இன்று கண்காட்சிச் சாலைகளிற் காணலாம். அவற்றைப் பெற்ற சிப்பாய்கள் எவ்வூரார், யாவர் என்பதைத் தெரிவிக்கும் எழுத்து எதுவும் அவற்றில் அடிக்கப்பெறவில்லை.