முதியோரும் அன்றாடச் செயல்களும்

முதுமையுற்ற பெற்றோரை மும்பைக்கு அழைத்து வருவதா, ஊரில் முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா என்று நாம் தயங்குகிறோம். இடத்தினும் செயலையே முதலில் நோக்குதல் நன்று. குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லல், படுக்கையினின்று எழுதல், மலசலம் அடக்குதல், உண்ணல் ஆகிய ஆறையும் ஒருவர் தாமே செய்கிறாரா என்று அளக்கும் முறையை அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸ் குழுவினர் 1963-இல் வெளியிட்டனர்.

ஆறும் இயன்றவர்கூட நம் வீட்டில் தளர்வதுண்டு. ஊரில் தாமே காய்கறி வாங்கிய அன்னையார், மொழி தெரியாத நகரில் மாடியை விட்டு இறங்குவதில்லை. நாமோ அன்பு மிகுதியால் காப்பித் தம்ளரைக்கூடக் கழுவ விடுவதில்லை! பயன்படாத தசை மெலியும். முதியோர் இல்லத்திலும், நேரமின்மையால் பணியாளரே உடுத்திவிடுவாராயின், நிலை இதுவே. சேர்க்குமுன் இதனைக் கேட்டறிதல் வேண்டும். வீட்டிலாயின், குளியலறைச் சுவரில் கைப்பிடி பொருத்தி, அருகில் நின்று, அவரையே குளிக்க விடலாம். நேரம் ஆகும், ஆகட்டும்.