தட்டணு 18 ஆயிரம், "நாய் தேறாது!": மறு சோதனையில் திருப்பம்

ரெட்டியார்பாளையம்:-

"ரத்தம் கெட்டுப் போச்சு. இனிமே தேறாது. வேணும்னா ஊசி போட்டு முடிச்சிடலாம்."

ஒரு குமாஸ்தாவிடம் இப்படிச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் கையில் ரத்தப் பரிசோதனைக் காகிதம். அதில் 'தட்டணு 18 ஆயிரம்' என்று அச்சாகி, பக்கத்தில் நட்சத்திரக் குறி. நல்ல நாய்க்கு 2 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

நாயின் பெயர் மணி. வயது 6. சாதி நாய் அல்ல. மழையில் நனைந்து வந்த தெருக்குட்டி. மூன்று நாளாகச் சோறு தொடவில்லை. காய்ச்சல். காதுக்குள் உண்ணி.

குமாஸ்தா என் பக்கத்துத் தெருக்காரர். "தம்பி, நீங்க பத்திரிகைக்காரரு. நாலு பேரைத் தெரியும். இது நெசமான்னு கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார். கொலை கேஸ், குடிநீர்க் குழாய் என்று அலைகிற எனக்கு நாய் ரத்தம் புது விஷயம். ஆனால் உள்ளே அவர் மகள் அழுத சத்தம் வாசல் வரை கேட்டது.

வேறொரு டாக்டர்

மறுநாள் காலை வேறொரு கால்நடை டாக்டரிடம் போனோம். அவர் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டு மணியைப் பார்த்தார். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வயிற்றுத் தோலைத் தடவினார். எங்கும் ரத்தப் புள்ளி இல்லை.

"18 ஆயிரம்னா பெரும்பாலும் எங்கேயாவது ரத்தம் கசிஞ்ச அடையாளம் இருக்கும். அன்னிக்கு நரம்பு கிடைக்காம ரெண்டு மூணு தடவை குத்தினாங்களா?"

"ஆமாங்க சார். துள்ளிக்கிட்டே இருந்தான்."

"அப்போ குழாயிலேயே தட்டணு திட்டுத் திட்டா ஒட்டியிருக்கும். மெஷினுக்கு அதை எண்ணத் தெரியாது. குறைச்சுத்தான் காட்டும்."

புதிதாக ரத்தம் எடுத்தார். ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கண்ணால் எண்ணினார். சுமார் 90 ஆயிரம்!

அதுவும் குறைவுதான். ஆனால் சாவு ஓலை அல்ல.

உண்ணி செய்த வேலை

குறைவுக்குக் காரணம் உண்ணிக் காய்ச்சல் என்றார் டாக்டர். பழுப்பு உண்ணி கடிக்கும்போது 'எர்லிச்சியா' என்ற கிருமி ரத்தத்தில் ஏறுகிறது. இதை 1935-ல் அல்ஜீரியாவில் முதலில் கண்டு எழுதியவர்கள் பிரெஞ்சு விஞ்ஞானிகள். (நம்ம ஊருக்கு பிரெஞ்சு சம்பந்தம் இப்படியும் வருகிறது!) வியட்நாம் போரில் 1968-க்குப் பிறகு அமெரிக்க ராணுவ நாய்கள் நூற்றுக்கு மேல் செத்ததும் இதே நோயில்தான். மூக்கில் ரத்தம் கொட்டி மடிந்தன. அப்போது புரியாத நோய். இப்போது 'டாக்சிசைக்ளின்' மாத்திரை இருக்கிறது. ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் தேறிவிடும். முற்றி எலும்பு மஜ்ஜையைத் தொட்டுவிட்டால் கஷ்டம். முதலில் சொன்னவர்கள் பயந்ததும் அதற்காகத்தான் இருக்க வேண்டும்.

குழாய் மாறினாலும் கணக்கு மாறுமாம். ஊதா மூடிக் குழாயில் உள்ள மருந்து கொஞ்சம் மற்றக் குழாயில் கலந்தால், பொட்டாசியம் எகிறும், கால்சியம் இறங்கும். மனிதருக்கு என்று அமைத்த மெஷினில் நாய் ரத்தத்தை விட்டாலும் தப்பு வரும்.

கூச்சம் எதற்கு?

இன்னொரு டாக்டரிடம் போனால் முதல் டாக்டர் கோபிப்பாரே என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். பழைய காகிதம், கொடுத்த மருந்துச் சீட்டு இரண்டையும் மறைக்காமல் காட்டுங்கள். மறு சோதனையில் அதே கெட்ட செய்தி வரவும் கூடும். அதற்கும் தயாராகப் போக வேண்டும். நம் பகுதிக்குப் பக்கத்திலேயே, குருமாம்பேட்டில் ராஜீவ்காந்தி கால்நடைக் கல்லூரி இருக்கிறது. அங்கே சிகிச்சை வளாகமும் உண்டு. சென்னை போகிறவர்களுக்கு 1903-ல் தொடங்கிய வேப்பேரி கல்லூரி.

ஒரு எச்சரிக்கை. காய்ச்சல் என்று வீட்டில் கிடக்கும் மனித மாத்திரையை நாய்க்குப் போட்டுவிடாதீர்கள். அது தனி ஆபத்து.

மணிக்கு 28 நாள் மாத்திரை. ஐந்தாம் நாள் தயிர்ச்சோறு தின்றான். ஆறாம் நாள் பால்காரரைப் பார்த்துக் குரைத்தான். அடுத்த ரத்தப் பரிசோதனை வரும் வாரம். குமாஸ்தா இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.