காலி டேங்க் தானே என்று வெல்டிங் வைக்காதீங்க!

பழைய ராணுவ ஜீப்புக்கு டேங்க் தேடுவோர் கவனத்துக்கு

திருவதிகை,

பெட்ரோல் நிரம்பிய டேங்கைக் கண்டால் எல்லாரும் பயப்படுகிறார்கள். காலி டேங்கைக் கண்டு யாரும் பயப்படுவது இல்லை. ஆளைக் கொல்வது அந்தக் காலி டேங்க்தான்!

பழைய ராணுவ ஜீப் வாங்கி ஓட்டிப் பார்க்கும் ஆசை பலருக்கு உண்டு. வாங்கிய மறுநாளே முதல் தலைவலி ஆரம்பம். இன்ஜினைச் சரி செய்து விடலாம். டயர் மாற்றி விடலாம். டேங்க் ஓட்டை என்றால்தான் திண்டாட்டம்.

சீட்டுக்கு அடியில் 57 லிட்டர்

இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்டு ஆகிய இரண்டு அமெரிக்க கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்ததும் ஏராளமான வண்டிகள் இந்தியாவில் டிஸ்போசலில் ஏலம் போயின.

இந்த ஜீப்பில் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? டிரைவர் உட்காரும் சீட்டுக்கு நேர் அடியில்! 15 அமெரிக்க காலன், அதாவது சுமார் 57 லிட்டர் பிடிக்கும். பெட்ரோல் போட வேண்டும் என்றால் டிரைவர் எழுந்து நின்று, மெத்தையைத் தூக்கி, மூடியைத் திறக்க வேண்டும்.

வண்டியின் தளத்தில் தொட்டி மாதிரி ஒரு பள்ளம். அதற்குள் டேங்க் உட்கார்ந்திருக்கும். வம்பே இந்தப் பள்ளத்தில்தான்! மழைத் தண்ணீர், சேறு, மணல் எல்லாம் அங்கே போய்ச் சேரும். வடிகால் ஓட்டை அடைத்துக் கொண்டால் தண்ணீர் அப்படியே நிற்கும். மேலே பளபளவென்று பெயிண்ட் இருக்கும். கீழே டேங்க் அப்பளமாகி இருக்கும்.

2015 வெள்ளத்தைக் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கெடிலத்து வெள்ளம் ஷெட்டுக்குள் புகுந்தால், ஜீப்பில் கடைசியாகக் காயும் இடம் இந்தப் பள்ளம்தான்.

புதுப்பேட்டைக்குப் படையெடுப்பு

திருவதிகைக்காரர் ஒருவர் டேங்க் தேடிப் புறப்பட்டால், பண்ருட்டியில் ரெயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, புதுப்பேட்டைக்கு நடந்தே போய் விடலாம். சென்னையில் பழைய வண்டிச் சாமான் என்றாலே புதுப்பேட்டைதானே? அங்கே கிடைக்காவிட்டால் டெல்லி மாயாபுரி, மும்பை குர்லா, அரியானாவில் மண்டி டப்வாலி என்று தேடல் நீளும். ராணுவ ஏலத்தில் எடுத்த சாமான்களைக் கொண்டு ஜீப் கட்டுவதில் டப்வாலி பெயர் பெற்ற ஊர்.

"ஜீப் டேங்குதான் சார், அப்படியே உட்காரும்" என்று கடைக்காரர் சொல்வார். நம்பிப் பணத்தை எண்ணி விடக்கூடாது! போருக்குப் பின் வந்த சிவிலியன் ஜீப்பின் டேங்க் 10½ காலன்தான். சுமார் 40 லிட்டர். பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பள்ளத்தில் வைத்தால் உட்காராது.

ஜபல்பூர் தொழிற்சாலையில் 1999 வரை தயாரான ஜோங்காவின் கதையே வேறு. அது நிசான் வம்சம். ஜீப் டேங்க் அதற்கு ஆகாது.

ஆகவே, புறப்படும் முன் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து, மூடி இருக்கும் இடத்தைப் படம் வரைந்து கொள்ள வேண்டும். பழைய டேங்க் ஓட்டையாக இருந்தாலும் காயலான் கடைக்குப் போட்டு விடக்கூடாது. எங்குமே கிடைக்காவிட்டால், அதைப் பார்த்துத்தான் புதிதாக டேங்க் கட்ட முடியும்.

வாங்கும்போது உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். தீப்பெட்டி, லைட்டர் கூடவே கூடாது! செதில் செதிலாகத் துரு தெரிந்தால் கையெடுத்துக் கும்பிட்டு விட்டு வர வேண்டியதுதான்.

இன்னொரு எச்சரிக்கை. பெட்ரோல் வாடை அடிக்கும் டேங்கை ரெயிலில் தூக்கி வரக்கூடாது. தீப்பிடிக்கும் அபாயப் பொருளை ரெயிலில் கொண்டு போனால், ரெயில்வே சட்டம் 164-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு.

வெல்டிங் எமன்

"காலி டேங்குதானே அண்ணே, ஒரு ஒட்டு போட்டா முடிஞ்சுது!" என்பார் பட்டறைப் பையன். அங்கேதான் எமன் நிற்கிறான்.

பெட்ரோல் தானாக எரிவது இல்லை. அதன் ஆவிதான் எரிகிறது. காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்து விடும். டேங்க் நிரம்பி இருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் இல்லை. காலியாக இருந்தால் ஆவியும் காற்றும் கை கோத்துக் கொள்கின்றன. அது டேங்க் இல்லை, வெடிகுண்டு!

ஒரு வாரம் வெயிலில் காய வைத்தாலும் நம்ப முடியாது. மடிப்பிலும் துருவிலும் பெட்ரோல் ஒளிந்து கொண்டிருக்கும். வெல்டிங் சூடு பட்டதும் ஆவியாகி வெளியே வரும். அந்த ஆவி காற்றை விட கனமானது. அதனால் அடியிலேயே தங்கி விடும்.

இந்த வேலை தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். அவர் சோப்புத் தூளும் வெந்நீரும் ஊற்றிப் பல முறை கழுவுவார். ஒட்டுப் போடும் இடம் வரை தண்ணீர் நிரப்புவார். மிச்ச இடத்தில் கரியமில வாயுவைச் செலுத்துவார். "அதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கும் பட்டறையில் இருந்து உடனே டேங்கைத் தூக்கிக் கொண்டு வந்து விடுவது உத்தமம். பல பழைய டேங்குகளின் தகட்டில் ஈயம் கலந்த பூச்சு வேறு இருக்கும். சூடாக்கினால் அந்தப் புகையும் விஷம்.

சோப்புக் கட்டியைத் தேய்த்து ஓட்டையை அடைப்பது வீடு போய்ச் சேரத்தான். அதை நம்பி மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்!

மாட்டுவது எப்படி?

முதலில் பேட்டரி வயரைக் கழற்ற வேண்டும். பெட்ரோலைத் திறந்த வெளியில் தகர டின்னில் வடிக்க வேண்டும். பள்ளத்தைச் சுரண்டி, துரு நீக்கி, பெயிண்ட் அடித்து, வடிகால் ஓட்டையைத் திறந்து விட வேண்டும். டேங்குக்கு அடியில் ரப்பர் பட்டை அவசியம். தகடும் தகடும் உரசினால் அடுத்த ஓட்டைக்கு நாள் குறித்தாயிற்று!

ரப்பர் குழாய்களையும் புதிதாக மாற்ற வேண்டும். காரணம், இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது. தண்ணீரையும் இழுத்துக் கொள்ளும். தண்ணீர் அதிகமானால் பிரிந்து அடியில் தங்கி, புது டேங்கையும் அரிக்கும். ஆகவே மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பெட்ரோலைத் தேக்கி வைக்கக்கூடாது.

முதலில் 2 லிட்டர் மட்டும் ஊற்றி, கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூடியின் காற்றுத் துளையையும் பார்க்க வேண்டும். அது அடைத்திருந்தால் சில மைல் தூரத்தில் இன்ஜின் மூச்சு முட்டி நின்று விடும். மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுப் பில் போடுவார்!

சட்டம் என்ன சொல்கிறது?

50 ஆண்டு தாண்டிய சொந்த வாகனத்தை 'விண்டேஜ்' என்று பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20 ஆயிரம். வண்டி பழைய உருவம் மாறாமல் இருக்க வேண்டும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் போன்றவற்றுக்கு மட்டும் ரோட்டில் ஓட்டலாம். காய்கறி வாங்கப் போக முடியாது!

80 வருடத்து ஜீப்புக்கு இன்றைக்கும் டேங்க் கிடைக்கும். அலைய வேண்டும், அவ்வளவுதான். அலுத்துப் போய் "இதையே ஒட்டிக்கலாம்" என்று நினைக்கும் அந்த ஒரு நிமிடம்தான் ஆபத்து. டேங்க் போனால் வேறு டேங்க் தேடலாம். ஆள் போனால்?