கல்லாவை விட்டு எழுந்த பிறகு எங்கே குடியிருப்பது?

அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவருக்கு ஓய்வு பெறும் நாள் முன்கூட்டியே தெரியும். தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் அது 60 வயது. அன்று மாலை போட்டு அனுப்பி வைக்கிறார்கள். வியாபாரிகளாகிய நமக்கு அப்படி நாள் குறித்துக் கொடுப்பவர் யாரும் இல்லை. கல்லாவில் உட்கார்ந்தபடியே 60 தாண்டுகிறது, 65 தாண்டுகிறது. முழங்கால் வலி வருகிறது, கண்ணில் புரை விழுகிறது, தராசில் எண் மங்கலாகத் தெரிகிறது. அப்போதும், "தீபாவளி வியாபாரம் முடியட்டும், பொங்கல் வியாபாரம் முடியட்டும்" என்று தள்ளிப் போடுகிறோம்.

இதில் ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது. நம்மில் பலருக்குக் கடையும் வீடும் ஒன்று. கடைக்கு மேல்மாடியிலோ பின்கட்டிலோ குடியிருக்கிறோம். வாடகைக் கடையைக் காலி செய்தால் வீடும் சேர்ந்து போய்விடும். மகனிடம் கடையை ஒப்படைத்தால், அவன் குடும்பத்துக்கே அந்த இடம் போதாது. எங்கே குடியிருப்பது என்ற கேள்விக்கு நாம் பதில் தேடி வைக்காவிட்டால், ஒருநாள் வரும் மாரடைப்போ பக்கவாதமோ அதை முடிவு செய்துவிடும். உடம்பில் தெம்பு இருக்கும்போதே, அதாவது 55 வயதிலேயே, இதை யோசித்து வைப்பது நல்லது.

நமது கணக்கு நோட்டு சொல்லும் பாடம்

வயதானவர்களுக்கு ஏற்ற இடம் எது என்பதை மயிலாப்பூர் மளிகைக் கடைக்காரர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அவருடைய பற்று வரவு நோட்டே சொல்லும். ஒரு காலத்தில் மாதம் ஒரு மூட்டை அரிசி வாங்கிய வீடு, பிள்ளைகள் பெங்களூரு, அமெரிக்கா என்று போனபின் ஐந்து கிலோ பைக்கு வந்துவிடுகிறது. துவரம் பருப்பு கால் கிலோ, காபித்தூள் நூறு கிராம். வாங்கும் சரக்கு குறைகிறதே தவிர, கடைக்கு வருவது குறைவதில்லை. காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. பிள்ளைகள் கூப்பிட்டும் போகாமல் இங்கேயே இருக்கிறார்கள்.

என்ன காரணம்? வேண்டியதெல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நான்கு மாட வீதிகள், தெப்பக்குளக் கரை, தெற்கு மாட வீதியில் காய்கறி, தண்ணித்துறை மார்க்கெட், காலை நடைக்கு லஸ் சர்ச் ரோட்டில் நாகேசுவர ராவ் பூங்கா, படிப்பதற்கு ரானடே நூலகம், 1897-ல் தொடங்கிய ராமகிருஷ்ண மடம் எல்லாம் பக்கத்தில். 1997 முதல் திருமயிலைக்குப் பறக்கும் ரயில் வருகிறது. ராயப்பேட்டை அரசு மருத்துவமனை கொஞ்ச தூரம்தான். மகனையோ ஸ்கூட்டரையோ எதிர்பார்க்காமல் ஒருவர் தன் நாளைத் தானே நடத்திக்கொள்ள முடிகிறது.

இதில் நமது பங்கும் உண்டு. தெரிந்த கடையில் கணக்கு வைத்துக்கொள்ளலாம், கனமான பொருளைக் கடை ஆள் வீட்டில் கொண்டு போய்க் கொடுப்பார், இரண்டு நாள் வராவிட்டால், "மாமாவைக் காணோமே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார்கள். கட்டடம் கட்டுகிறவர் இந்த வசதியைக் கட்டிக் கொடுக்க முடியாது. நாம் நாற்பது வருடமாக மற்றவர்களுக்குக் கொடுத்து வந்த இந்த வசதி நமக்கு எங்கே கிடைக்கும் என்று பார்ப்பதுதான் இடம் தேடுவதில் முதல் வேலை.

மயிலாப்பூரின் குறைகள்

குறையையும் சொல்லிவிட வேண்டும். வாடகையும் விலையும் மிக அதிகம். பழைய அடுக்குமாடிக் கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது; 50 வயதில் ஏறிய இரண்டாவது மாடி 75 வயதில் மலையாகிவிடும். சில சந்துகளில் ஆம்புலன்ஸ் நுழைவதே சிரமம். பங்குனி அறுபத்துமூவர் அன்று வெளியே தலைகாட்ட முடியாது. லஸ் பகுதியில் மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்ட வேலைகளால் பாதை மாற்றங்களைப் பார்த்து வருகிறோம். முடிந்தபின் திருமயிலை பெரிய சந்திப்பு நிலையமாகும் என்பது நல்ல செய்திதான். ஆனால் நடைபாதை சரியாக இல்லாவிட்டால் வயதானவருக்கு ரயில் வந்தும் பயனில்லை.

சொந்த ஊருக்குப் போகலாமா?

நம்மில் பெரும்பாலோர் தூத்துக்குடி, திருநெல்வேலி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து சிறுவயதில் வந்தவர்கள். ஊரில் வீடு கட்டி வைத்திருப்போரும் உண்டு. செலவு குறைவு, காற்றோட்டம், குலதெய்வம், கோயில் கொடை என்று மனம் அங்கேதான் இழுக்கும். ஆனால் ஊர் என்று நாம் நினைப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய ஊர். கூடப் படித்தவர்கள் மும்பைக்கும் கோவைக்கும் போயிருப்பார்கள். இதய மருத்துவரைப் பார்க்க ஜில்லாத் தலைநகருக்குக் கார் பிடிக்க வேண்டும். ஊருக்குப் போய், ஆறே மாதத்தில் திரும்பி வந்து பழைய கடைவாசலில் நிற்கும் அண்ணாச்சிகளை நாம் பார்க்காமலில்லை.

போக வரச் செலவும் கூடியிருக்கிறது. ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஊர் என்றால் பத்திரம் என்றும் சொல்வதற்கில்லை. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கித் தவித்தார்கள். சென்னையிலும் 2015 டிசம்பரில் அடையாறு பெருகி சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கியதை மறக்க முடியாது. எந்த ஊரானாலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று விசாரிக்காமல் தரைத்தளத்தில் வீடு பார்க்கக் கூடாது.

கோவைப் பக்கம் முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்புகள் பல வந்துள்ளன. சாப்பாடு, நர்ஸ், லிஃப்ட் எல்லாம் உண்டு. தனித்து இருப்பவருக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. மாதப் பராமரிப்புத் தொகை வருடாவருடம் எவ்வளவு ஏறும்? படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா? விற்க நினைத்தால் யாருக்கு விற்கலாம்? மூன்றுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டம்மாவைக் கேட்டீர்களா?

இடம் பார்க்கும்போது நாம் மறக்கும் ஆள் மனைவிதான். பெரும்பாலான வீடுகளில் அவர் கணவரைவிட வயதில் இளையவர். கணவருக்குப் பின்னும் பல வருடம் தனியே இருக்க வேண்டியவர். ஆகவே "எனக்குப் பிடித்திருக்கிறதா?" என்பதோடு நிறுத்தாமல், "நான் இல்லாதபோது இவள் இங்கே தனியாக இருக்க முடியுமா?" என்றும் கேட்க வேண்டும். பேச்சுத் துணைக்குப் பக்கத்து வீடு, நடந்து போக ஒரு கோயில், பாஸ்புத்தகம் போட்டு வாங்க ஒரு பாங்க், கூப்பிட்டால் வரும் ஒரு டாக்டர், இந்த நான்கும் அவருக்கு வேண்டும். வீடும் பாங்க் கணக்கும் இருவர் பெயரிலும் இருக்கட்டும்.

பத்திரமும் பணமும்

பாசத்தில் சொத்தை முழுவதும் பிள்ளைகளுக்குச் செட்டில்மெண்ட் எழுதிவிட்டு, பிறகு ஒரு அறைக்குக் கெஞ்சும் நிலை யாருக்கும் வரக்கூடாது. உயிலை உயிருள்ளவரை மாற்றலாம். செட்டில்மெண்ட் எழுதினால் சொத்து அப்போதே கைமாறிவிடும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007-ன் 23-வது பிரிவு ஒரு பாதுகாப்பு தருகிறது. "கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்காவிட்டால், அந்தப் பத்திரத்தைத் தீர்ப்பாயத்தில் ரத்து செய்யக் கேட்கலாம். அந்த நிபந்தனை வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எனவே எழுதுவதானால் அந்த வரியைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

வாடகைக்குப் போவோருக்கு: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கோயில் இடத்தில் கடை வைத்திருப்போர், தமக்குப் பின் வாடகைதாரர் பெயர் மாற்றம் எப்படி என்பதை இப்போதே அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுவது அவசியம்.

சேமிப்பு விஷயத்தில் மயிலாப்பூருக்கே ஒரு பாடம் கிடைத்தது. 1872-ல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டில், முதிர்வுப் பணம் திரும்பக் கிடைக்காமல் 2024-ல் ஏராளமான முதியவர்கள் புகார் கொடுத்தார்கள். பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீசார் வழக்குப் பதிந்தார்கள். பழைய பெயர், பக்கத்துத் தெரு என்ற நம்பிக்கையில் மொத்தத்தையும் ஒரே இடத்தில் போட்டவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். பாங்கில் போட்டால் ஒரு பாங்குக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு. நிதி நிறுவனங்களுக்கு அது கிடையாது. 60 வயதானவர்கள் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரல் முதல் 30 லட்சம் வரை போடலாம். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும்.

சரக்கு பார்ப்பது போல் இடம் பாருங்கள்

மாதிரி பார்க்காமல் நாம் லோடு இறக்குவதில்லை. இடத்துக்கும் அதே விதிதான்.

1. மே மாத வெயிலில், காலை 11 மணிக்கு, மூன்று கிலோ பையோடு கடையிலிருந்து அந்த வீட்டுக்கு நடந்து பாருங்கள்.

2. கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கும் என்று ஆட்டோக்காரரிடம் கேளுங்கள், புரோக்கரிடம் கேட்காதீர்கள்.

3. ராத்திரி 2 மணிக்கு 108 வந்தால் வண்டி வாசல்வரை வருமா, ஸ்ட்ரெச்சர் மாடிப்படியில் திரும்புமா என்று பாருங்கள்.

4. விலைக்கு வாங்குமுன் மூன்று மாதமாவது வாடகைக்கு இருந்து பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் நஷ்டம் வாடகையோடு போகும்.

5. மூன்று மாத முடிவில், அந்தத் தெருவில் எத்தனை பேர் உங்கள் பெயரைச் சொல்லி விசாரிக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவரும் இல்லையென்றால் அது நமக்கு ஏற்ற இடம் அல்ல.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், பலருக்கு விடை தொலைவில் இருக்காது. கடையிருக்கும் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, லிஃப்ட் உள்ள கட்டடத்தில் சிறிய வீடாக இருக்கலாம். மகன் கல்லாவில் இருப்பான்; தகப்பனார் காலையில் வந்து பேப்பர் படித்துவிட்டு, பழைய வாடிக்கையாளரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். வேறு ஊர்தான் பொருந்தும் என்றால் அங்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

கடை நடத்திக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசலில் ஒரு நாற்காலி போடுங்கள். படியில் ஒரு கைப்பிடி வையுங்கள். பில்லைப் பெரிய எழுத்தில் கொடுங்கள். இன்று வாடிக்கையாளருக்குச் செய்வது, நாளை அந்தத் தெருவிலேயே ஓய்வாக இருக்கப்போகும் நமக்கும் உதவும்.