தொட்டது யார்?

"செட்டிங்ஸைத் திறந்தேன். எதையும் தொடவில்லை. மூடப் போனால் 'மாற்றங்களைச் சேமிக்கவா?' என்று கேட்கிறது. பேயா?" என்கிறார் வாசகர் ஒருவர்.

பேயெல்லாம் இல்லை. திறக்கும்போது பழைய விருப்பங்களைத் தேடியெடுத்து ஒவ்வொரு செக்பாக்ஸிலும் டிக் போடுவது புரோகிராம்தான். தான் போட்ட டிக்கையே உங்கள் கணக்கில் எழுதிவிடுகிறது.

வீட்டில் நடப்பதைப் பாருங்கள்: கரண்ட் போய் வந்ததும் கூடத்தில் லைட் எரிகிறது. சமையலறையில் இருப்பவருக்குத் தெரிவது வெளிச்சம் மட்டும். சுவிட்சின் 'டக்' கேட்டிருந்தால் ஆள் தொட்டிருக்கிறார் என்று பொருள். 'க்யூட்' என்ற புரோகிராம் கருவித்தொகுப்பில் இரண்டும் தனித்தனி சிக்னல்கள், அதாவது அறிவிப்புகள். 'டாகிள்டு' வெளிச்சம், யார் மாற்றினாலும் வரும். 'க்ளிக்டு' அந்த 'டக்'. இன்வெர்ட்டர், மாடிப்படியின் இருவழி சுவிட்ச் என்று போனால் உவமை ஃப்யூஸாகிவிடும்.

வேடிக்கை இனிமேல்தான். வெப்பநிலை மாற்றும் புரோகிராம் ஒன்றில் ஃபாரன்ஹீட்டுக்கு ஒரு பெட்டி, செல்சியஸுக்கு ஒன்று. இரண்டிலும் முழு எண்கள்தான். ஒன்று மாறினால் மற்றதை மாற்று என்று எழுதியாயிற்று. ஃபாரன்ஹீட்டில் 71 அடிக்கிறீர்கள். கணக்குப்படி 21.67, செல்சியஸ் பெட்டியில் 22 விழுகிறது. 'நான் மாறிவிட்டேன்' என்று அதுவும் குரல் கொடுக்க, 22-க்கு 71.6 என்று கணக்குப் போட்டு, உங்கள் 71-ஐ அழித்து 72 என்று எழுதுகிறது! 72-க்கும் செல்சியஸ் 22தான். மதிப்பு மாறாததால் சிக்னல் இல்லை, ஆட்டம் நிற்கிறது. நீங்கள் அடித்த எண் மட்டும் போனது போனதுதான். க்யூட் எழுத்துப் பெட்டியின் 'டெக்ஸ்ட்சேஞ்ட்' சிக்னலுக்குப் பதில் 'டெக்ஸ்ட்எடிட்டட்' சிக்னலைக் கேட்டிருந்தால் 71 பிழைத்திருக்கும். ஆள் திருத்தினால் மட்டுமே வருவது அது.

விண்டோஸ் தனி ரகம்: செக்பாக்ஸில் புரோகிராம் டிக் போட்டால் வாயே திறக்காது, ஒற்றை வரி எழுத்துப் பெட்டியை மாற்றினால் அறிவிக்கும்.

'மனிதக் கிளிக்கை எங்கள் மென்பொருள் கண்டுபிடித்துவிடும்' என்று யாராவது விற்க வந்தால் பையைத் திறக்காதீர்கள். க்யூட்டின் 'க்ளிக்டு' சிக்னலைக்கூட ஒரு வரி நிரல் வரவழைத்துவிடும். கருவிக்குத் தெரிவது கிளிக் வந்த வழி, விரல் அல்ல. புரோகிராம் அனுப்பும் பொய்க் கிளிக்குக்கு விண்டோஸ் ஒரு முத்திரை குத்துகிறது. மவுஸ் வேடம் போட்டு வரும் யுஎஸ்பி சில்லுக்கு அந்த முத்திரையும் விழாது.