எழுத்தும் மனச்சாட்சியும்

சென்ற ஆவணியில் எமது அயல்வீட்டில் ஒரு கலியாண எழுத்து நடைபெற்றது. நிறைகுடம் வைத்துக் குத்துவிளக்கேற்றிய கூடத்தில் விவாகப் பதிவாளர் தமது புத்தகத்தை விரித்தார். அவர் கத்தோலிக்கர் என அறிந்த மூதாட்டி ஒருவர், “தம்பி, வேதக்காரர் எங்கடை பிள்ளையளுக்கு எழுத்து எழுதலாமோ?” என வெள்ளை மனத்துடன் வினவினார்.

“ஆச்சி, நான் தாலி எடுத்துக் குடுக்க வரேல்லை, பிள்ளையளின்ரை சம்மதத்தைக் கேட்டு எழுத வந்தனான்” என்றார் அவர். யாவரும் நகைத்தோம். எனினும் அவ்வினா சிந்தித்தற்குரியது.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், மணங்களைத் தமது புரட்டஸ்தாந்து சபையின் தோம்பிலே பதிவித்தனர். சட்டம் மதிக்கும் மணத்தை வேண்டிய சைவரும் கத்தோலிக்கரும், தம் நெஞ்சம் ஏற்காத சபையின் வாயிலில் நிற்க நேர்ந்தது. 1687இல் இங்கு வந்த யோசேவாஸ் அடிகளார் ஒளித்தே பூசை செய்தார்.

இன்றைய பதிவாளரோ எச்சமயத்தின் பிரதிநிதியுமல்லர். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, அவர் இருவரது சம்மதத்தைச் சாட்சிகள் முன்னிலையில் ஏற்கிறார். வேறு சடங்கு நிகழாவிடினும் அவர்கள் கணவனும் மனைவியுமே என அறிவிக்கிறார்.

அதே 1907இல் உரோமாபுரியிலிருந்து ‘நே தேமெரே’ என்னும் ஆணை வெளிவந்தது. குருவானவரும் இரு சாட்சிகளும் முன்னிலையில் இல்லாது கத்தோலிக்கர் செய்யும் மணம் பொதுவாகச் செல்லாது என்பது அதன் சாரம். ஆயினும், கத்தோலிக்கரல்லாதார் தமக்குள் செய்யும் மணத்தை அது கட்டுப்படுத்தவில்லை. ஆகவே, சைவ மணமக்களின் எழுத்தை நடத்துவதில் கத்தோலிக்கப் பதிவாளருக்குத் தடையேதும் இல்லை.

சிக்கல் வேறிடத்தில் உளது. கத்தோலிக்கர் இருவர் கோயிலை விடுத்து, எழுத்தோடு மட்டும் இல்வாழ்வு தொடங்க வந்தால் அவர் என் செய்வார்? தம் சமயம் மணமென ஏற்காததை மணமென அவர் வாயால் மொழிய வேண்டுமே! 1949இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், திருச்சபை ஏற்ற மணத்தைக் கத்தோலிக்க நீதிபதி பெருங்காரணமின்றி முறித்துத் தீர்ப்பளிக்கலாகாது என்றார். பதிவாளரின் நெஞ்சுறுத்தலும் அதற்கு அயலானதன்று.

ஆயினும் பதிவாளர் மணத்தை ஆசீர்வதிப்பவரல்லர். பிரான்சு தேசத்தில் 1792 முதல் நகரபிதாவின் முன் செய்யும் மணமே சட்டப்படி மணம். நகரபிதா கத்தோலிக்கராயினும் அதனை நடத்துகிறார். பக்தியுள்ள மணமக்கள் பின்னர் கோயிலுக்குச் செல்கின்றனர்.

எனவே, அவர் எழுத்தை நடத்தலாம் என்பதே எமது கருத்து. வந்தவர்க்கு நண்பராய்த் தனித்து நல்லுரை கூறலாம். பதிவாளராய் மறுப்பது முறையன்று. ஒல்லாந்தர் தோம்பு மக்களின் நெஞ்சத்தையும் கேட்டது. இன்றைய சட்டம் பதிவாளரின் கையெழுத்தை மட்டுமே கேட்கிறது. அவ்வெல்லையை அது தாண்டாதிருக்கும்வரை, ஆச்சியின் கூடத்தில் வேதக்காரரும் சைவரும் ஒரே விளக்கின் முன் மனங்கோணாது அமரலாம்.